653ஆம் வண்டி பொம்மை ரயில் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறுகிய ரயில் பாதைகளுக்கு ஒரு நாள் சுற்றுலா போய்வருவது பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் நீலகிரி மலை ரயிலைப் பற்றிய பத்தி இப்படி முடிகிறது: “இதேபோன்ற பொம்மை ரயில்தான் ஒரு காலத்தில் பாம்பன் பாலத்தைத் தாண்டித் தனுஷ்கோடி வரை போய்வந்தது.”

அது பொம்மை ரயில் அல்ல, ஐயா. எழும்பூரில் புறப்பட்ட போட் மெயில் அந்தப் பாதையில்தான் வந்தது. தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு சேர்ந்தார்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடி நிலையத்தைத் தொடுவதற்கு முன்பே புயலில் கடலோடு போய்விட்டது. அந்த வண்டியைப் பொம்மை என்று இந்தக் கரையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அச்சில் பார்த்ததும் மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தனுஷ்கோடிப் பாதை மீட்டர் கேஜ். அந்த மீட்டர் கேஜ் பாதையையே ‘குறுகிய பாதை’ என்று எழுதும் வழக்கம் தமிழ்ப் பத்திரிகைகளில் நெடுநாளாக இருக்கிறது. மானாமதுரை–ராமேசுவரம் பாதையை அகலமாக்கி 2007இல் திறந்தபோதும் இதே சொல்தான் வந்தது. அப்போது எழுதிய கடிதம் பிரசுரமாகவில்லை. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி அகலப் பாதைக்கு 1,676 மில்லிமீட்டர். மீட்டர் கேஜுக்கு, பெயரிலேயே இருக்கிறபடி, 1,000. குறுகிய பாதை அதற்கும் கீழே: 762 அல்லது 610. அளக்கிறவர்கள் தண்டவாளத்தின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்துவிடுகிறார்கள், அது தவறு. சக்கரத்தின் விளிம்பு உரசும் உள்முகத்திலிருந்து எதிர்த் தண்டவாளத்தின் உள்முகம் வரை, தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து அளக்க வேண்டும். கூர்மையான வளைவில் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டித்தான் போட்டிருப்பார்கள், ஆகையால் நேர்ப்பாதையில் அளப்பதே சரி.

மீட்டர் கேஜ் என்றாலே குட்டி ரயில் என்றால், 1931இலிருந்து கடற்கரை–தாம்பரம் இடையே ஓடிய மின்சார ரயிலும் குட்டி ரயில்தான், 1977இல் விட்ட வைகை எக்ஸ்பிரஸும் குட்டி ரயில்தான். சென்னை வாசகர்களிடம் அப்படி எழுத முடியுமா?

நிஜமான குறுகிய பாதை பார்க்க வேண்டுமென்றால் டார்ஜிலிங்குக்கோ மாத்தேரானுக்கோ போக வேண்டும், இரண்டும் 610. கால்கா–சிம்லா 762. தமிழ்நாட்டிலும் 762 மில்லிமீட்டர் பாதைகள் இருந்தன. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி ஒன்று, மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் போனது மற்றொன்று. இரண்டையும் பின்னாளில் மூடிவிட்டார்கள். குறுகிய பாதை என்று தலைப்புப் போட்ட கட்டுரையில் இந்த இரண்டுக்கும் ஒரு வரிகூட இல்லை. அங்கே பயணம் போக முடியாது என்பது உண்மை, ஆனால் சொல்லியிருக்கலாம்.

நீலகிரி மலை ரயிலின் பாதையும் ஆயிரம் மில்லிமீட்டர் மீட்டர் கேஜ்தான். அதன் சிறப்பே அகலத்தில் இல்லை. நடுவில் ஓடும் பல்சட்டத்தில் இருக்கிறது. கல்லாறு நிலையம் தாண்டியதும் குனிந்து பார்த்தால் தெரியும். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, அருகருகே இரண்டு பல்சட்டங்கள். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வரும்படி தள்ளிப் பதித்திருப்பார்கள். எஞ்சினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் ஒன்றில் பிடி விடும்போது இன்னொன்றில் பிடித்திருக்கும். அதனால்தான் குலுங்காமல் ஏறுகிறது. ஏற்றம் 12.5க்கு 1. அதாவது பன்னிரண்டரை அடி போவதற்குள் ஒரு அடி உயர வேண்டும். வெறும் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். நீராவி எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரண சக்கரங்களை ஓட்டும், இரண்டு பல்சக்கரத்தை ஓட்டும். குன்னூர் வந்ததும் பல்சட்டம் முடிகிறது, டீசல் எஞ்சினை மாட்டிவிடுகிறார்கள்.

கட்டுரையில் “எஞ்சின் இழுத்துக்கொண்டு மலையேறுகிறது” என்று இருக்கிறது. இழுப்பதில்லை, தள்ளுகிறது. மேலே ஏறும்போது எஞ்சின் கீழ்ப்புறத்தில், கடைசியில் நிற்கும். நடுவில் இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டிகள் உருண்டோடாமல் எஞ்சின் தாங்கிக்கொள்வதற்கான ஏற்பாடு அது. முன் பெட்டியில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார். பெட்டிக்கு ஒருவராக பிரேக்ஸ்மேன்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லாதது கட்டுரையின் பெரிய குறை.

இதைவிட வாசகர்களை வீணாக அலைய வைப்பது, “மழைக்காலத்தில் போனால் கண்கொள்ளாக் காட்சி” என்ற யோசனை. வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் இடையே மண் சரிந்து பாறை விழுவது ஆண்டுதோறும் நடப்பது. பாதையைச் சரிசெய்யும் வரை மேட்டுப்பாளையம் வண்டியை ரத்து செய்துவிடுவார்கள். அப்போதும் குன்னூர்–ஊட்டி வண்டி பெரும்பாலும் ஓடும், ஆனால் பல்சட்டம் அந்தப் பகுதியில் இல்லையே! போவதானால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போவது நல்லது. வண்டி காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் எடுப்பதால் எங்கள் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் முதல் நாளே அங்கே போய்த் தங்கியாக வேண்டும். ஊட்டி சேர மதியம் ஆகிவிடும். ‘ஒரு நாள் சுற்றுலா’ என்பது கோயம்புத்தூர்க்காரர்களுக்குத்தான் பொருந்தும். முன்பதிவு திறக்கிற அன்றே இடம் போட்டுவிட வேண்டும் என்பதையும் சேர்த்திருக்க வேண்டும்.

பாம்பனுக்கு வருகிறேன். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறக்கப்பட்டபோது, கப்பல் வந்தால் அது “இரண்டாகப் பிளந்து வழிவிடும்” என்று தங்கள் இதழில் எழுதியிருந்தீர்கள். பிளந்தது பழைய பாலம். 1914 பிப்ரவரி 24இல் திறந்த அதன் நடுப்பகுதியில் 225 அடி நீளத்துக்கு, கப்பலுக்கு வழிவிட எழும்பும் ஷெர்சர் தூக்கு இருந்தது. அதன் இரண்டு பக்கப் பாதிகளும் பின்புறம் உருண்டு எழும்பும். ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுசாக, கிணற்று வாளி போல, நேராக 17 மீட்டர் மேலே போகிறது. 1964 புயலில் பழைய பாலத்தின் கர்டர்கள் (இரும்பு உத்தரங்கள்) கடலில் விழுந்தும் தூக்குப் பகுதி நின்றது. ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிக்குப் போன பாதையை மட்டும் திரும்பப் போடவே இல்லை.

2022 டிசம்பர் 23 முதல் பழைய பாலத்தில் ரயில் நின்றுபோய், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வண்டிகள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் முடிந்தன. காசு கொடுத்து ராமேசுவரம் டிக்கெட் வாங்கியவர்கள் பஸ் பிடித்துப் போனார்கள். அந்த நாட்களில் எங்களைப் பற்றி எழுத யாருக்கும் இடமில்லை. ஆடி அமாவாசையன்றும், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றும் நாளிலும்தான் இந்தக் கரை பத்திரிகைகளின் நினைவுக்கு வருகிறது.

இங்கேயும் ஒரு நாள் ரயில் பயணம் இருக்கிறது. மண்டபத்தில் ஏறிப் பாலத்தைக் கடந்து ராமேசுவரம் போகலாம். காற்று எல்லை மீறினால் பாலத்தில் வண்டியை விட மாட்டார்கள் என்பதால் நேரத்தை நெருக்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. ராமேசுவரத்திலிருந்து பஸ்ஸில் தனுஷ்கோடி போனால் நிலையத்தின் இடிந்த சுவரும் தண்ணீர்த் தொட்டியும் நிற்கின்றன. சுவரில் பவளக்கல் கரைந்து குழி விழுந்திருக்கும், சாந்து மட்டும் வரம்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். கை வைத்தால் மாவாக உதிரும். தயவுசெய்து ஏற வேண்டாம். ஒரு பக்கம் ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடா, மறுபக்கம் பெண்கடல் என்கிற பாக் நீரிணை, நடுவில் அந்தப் பாதை போன மணல்திட்டு. குடிக்கத் தண்ணீர் கையில் வேண்டும். இருட்டுவதற்கு முன்பே திரும்பச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்த இதழில் மூன்று வரித் திருத்தம் போடுங்கள். நீலகிரிப் பாதையும் பழைய தனுஷ்கோடிப் பாதையும் மீட்டர் கேஜ். மலையேறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. மழை மாதங்களில் மேட்டுப்பாளையம் வண்டி ரத்தாகக் கூடும். 653ஆம் வண்டியைப் பற்றி எப்போது எழுதினாலும் பாசஞ்சர் ரயில் என்றே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மண்டபம் வாசகர்,
ராமநாதபுரம் மாவட்டம்.