குட்டியைத் தேடி வந்த டைனோசர்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

தோற்றுப்போன இரண்டாம் பாகங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 1997இல் வந்த ‘தி லாஸ்ட் வேர்ல்ட்: ஜுராசிக் பார்க்’ படத்தை அதில் ஒரே வரியில் ஒதுக்கியிருந்தார்கள். மனம் பொறுக்கவில்லை. சிறுவயதில் நான் நெஞ்சோடு சேர்த்துக்கொண்ட படம் அது.

குறைகள் இல்லை என்று சொல்ல வரவில்லை. தீவில் பிடித்த டி-ரெக்ஸ் டைனோசரை ஏற்றிவரும் கப்பல், அமெரிக்காவின் சான் டியேகோ துறைமுகத்தில் வந்து மோதும்போது மாலுமிகள் எல்லோரும் செத்துக்கிடக்கிறார்கள்; சுக்கானைப் பற்றியபடி ஒரு கை மட்டும் மிஞ்சியிருக்கிறது. டி-ரெக்ஸோ சரக்கு அறைக்குள் அடைபட்டிருக்கிறது. அப்படியானால் அவர்களைக் கொன்றது யார்? படம் கடைசிவரை சொல்வதில்லை. கதாநாயகன் மால்கமின் மகள் கம்பியைப் பிடித்துச் சுழன்று ராப்டர் என்ற டைனோசரை உதைத்துத் தள்ளும்போது, அதுவரை கட்டியெழுப்பிய அச்சம் முழுவதும் கலைந்துபோகிறது. என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. விலங்குகளைக் காப்பாற்ற வந்த நிக், வேட்டைக்காரரின் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடுகிறான். அதற்குப் பிறகு எத்தனை பேர் சாகிறார்கள்! அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஆனால், டைனோசர் நகரத்துக்குள் புகும் பகுதியை ஒட்டுப்போட்டது என்று குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆர்தர் கானன் டாயில் 1912இல் எழுதிய நாவலின் பெயரைத்தான் இந்தப் படம் சூடியிருக்கிறது. அந்த நாவலை 1925இல் மௌனப் படமாக எடுத்தபோதே, லண்டன் தெருக்களில் பிரான்டோசரஸ் என்ற டைனோசரை ஓடவிட்டார்கள். இயக்குநர் ஸ்பீல்பெர்க் அந்த முன்னோருக்குச் செய்த மரியாதையாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். வேட்டைக்காரர்கள் ஒரு டி-ரெக்ஸ் குட்டியை இரையாகக் கட்டிப்போடுகிறார்கள். கால் ஒடிந்த அந்தக் குட்டியை நிக்கும் அவனுடன் வந்த சாராவும் தங்கள் வண்டிக்குத் தூக்கிவந்து கட்டுப்போடுகிறார்கள். கொட்டும் மழையில், இருட்டில், தாயும் தகப்பனும் தேடி வந்துவிடுகின்றன. குட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அவற்றின் கோபம் அடங்குவதில்லை. வண்டியைப் பாறை விளிம்புக்கு வெளியே தள்ளுகின்றன. பின்பக்கக் கண்ணாடியின் மேல் விழுந்து கிடக்கும் சாராவின் உள்ளங்கைக்குக் கீழே விரிசல் மெல்லப் படர்கிறது. காப்பாற்ற வந்த அவர்கள் குழுவின் எடியை இரண்டும் சேர்ந்து கிழித்துவிடுகின்றன. எனக்கு அப்போது ஒன்பது வயது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தேன். அம்மா குனிந்து, “அது குட்டியைத் தேடித்தானே வந்திருக்கிறது” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எனக்குப் படமே வேறாகிவிட்டது. முதல் பாகத்தின் டி-ரெக்ஸுக்குப் பசி மட்டும்தான் தெரியும். இதற்குப் பிள்ளைப்பாசமும் தெரியும். கால் ஒடிந்து கிடந்த குட்டிக்கு, கடைசியில் தகப்பன் ஒரு மனிதனின் காலை முறித்து முன்னால் போட்டு வேட்டை பழக்குகிறதே, அந்தக் கொடூரத்தில்கூட ஒரு வளர்ப்பு இருக்கிறது.

இதெல்லாம் வெறும் கற்பனை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு படித்தபோது அசந்துபோனேன். இந்தப் படங்களுக்கு ஆலோசகராக இருந்த புதைபடிவ ஆய்வாளர் ஜாக் ஹார்னர்தான், 1970களின் இறுதியில் அமெரிக்காவின் மொன்டானாவில் டைனோசர் கூடுகளை ஆராய்ந்தவர். கூட்டில் கிடந்த குஞ்சுகளின் கால்கள் முழுதாக வளரவில்லை, பற்களோ தேய்ந்திருந்தன. அப்படியானால் யாரோ இரை கொண்டுவந்து ஊட்டியிருக்க வேண்டும். அந்த இனத்துக்கு 1979இல் மையாசாரா என்று பெயரிட்டார்கள். ‘நல்ல தாய்ப் பல்லி’ என்பது பொருள். ஓவிராப்டர் என்ற இன்னொரு டைனோசரின் கதை இன்னும் உருக்கமானது. முட்டைகளின் அருகே கிடைத்த காரணத்தால் 1924இல் அதற்கு ‘முட்டைத் திருடன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவை அதன் இனத்தின் சொந்த முட்டைகளே என்று 1990களில்தான் தெரியவந்தது. எழுபது ஆண்டுக் காலப் பழி! அந்தப் பழி நீங்கிய அதே பத்தாண்டில்தான் இந்தப் படமும் வந்தது. டி-ரெக்ஸ் இப்படித்தான் குட்டி வளர்த்தது என்பதற்கு நேரடிச் சான்று இல்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் டைனோசரைப் பெற்றோராகப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் பாடப்புத்தகமும் அல்ல, இந்தப் படம்தான்.

சென்ற மாதம் என் மகனுடன் அதை மறுபடியும் பார்த்தேன். கப்பல் காட்சி வந்ததும் அவன் உடனே கேட்டுவிட்டான்: “இவர்களை யார் கொன்றது?” ஒன்பது வயதில் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. தெரியவில்லை என்றேன். முதல் பாகம் இதைவிட நன்றாக இருக்கும், நாளை அதைப் பார்க்கலாம் என்றும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அதில் குட்டி வருமா?” என்று கேட்டான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி