நிபுணர் எதை விற்கிறார் என்றும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரிலிருந்து எழுதுகிறேன். கல்யாண வீடுகளுக்கும் சாந்தி என்று நாங்கள் சொல்லும் அறுபதாம் கல்யாணத்துக்கும் பலகாரம் செய்து கொடுப்பது என் தொழில். உங்கள் பத்திரிகைக்கு எங்கள் வீட்டில் நெடுங்காலம் இரண்டு வேலை இருந்தது. காலையில் படிக்க, மாலையில் பணியாரத்தின் எண்ணெயை உறிஞ்ச. அச்சு மை உணவில் இறங்கும், செய்தித்தாளைப் பயன்படுத்தாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் எச்சரித்த பிறகு இரண்டாவது வேலையை நிறுத்திவிட்டேன். முதல் வேலையைக் கூடுதல் கவனத்தோடு செய்கிறேன்.

சென்ற மாதம் மட்டும் உடல் பருமன் பற்றி மூன்று கட்டுரைகள். மூன்றிலும் ஒரு ‘பிரபல ஊட்டச்சத்து நிபுணர்’. ஒருவர் அரிசியையே விடச் சொல்கிறார். இன்னொருவர் கருப்புக் கவுனி என்ற கருப்பு அரிசி, தவிட்டோடு இருப்பதால் உடம்பைக் குறைக்கும் என்கிறார். மூன்றாமவர் ‘எண்ணெயில் மிதக்கும் குழிப்பணியாரம்’ என்று எங்கள் பக்கத்துச் சாப்பாட்டைச் சாடுகிறார். ஐயா, எண்ணெயில் மிதப்பது வெள்ளைப் பணியாரம். குழிப்பணியாரத்துக்குக் குழிக்குச் சில சொட்டு போதும். இது தெரியாதவர் எங்கள் இடுப்பளவுக்குத் தீர்ப்பு எழுதுகிறார். பக்கத்தில் தலையை வெட்டிவிட்டு ஒரு பெண்ணின் வயிற்றை மட்டும் காட்டும் படம் வேறு.

கவுனிக் கட்டுரை வந்த வாரம் ஓர் ஆச்சி அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். “உடம்பு இளைக்குமாமே, ஒரு கிலோ கவுனி அரிசி செய்து கொடு” என்றார். எங்கள் பக்கம் கவுனி அரிசி என்றால் அந்த அரிசியில் செய்யும் இனிப்பு. ஒரு கிலோவுக்கு நான் முக்கால் கிலோ சர்க்கரை போடுகிறேன். தேங்காய்ப்பூவும் நெய்யும் தனிக்கணக்கு. சொன்னேன். “பேப்பரில் அப்படிப் போடவில்லையே” என்றார். அவர் மீது என்ன குற்றம்? தவிட்டின் பெருமையைச் சொன்ன நிபுணரிடம், ‘செட்டிநாட்டில் இதை எப்படிச் சாப்பிடுகிறார்கள் தெரியுமா’ என்று உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

அரிசியை விடச் சொன்னவரின் கதை வேறு. கட்டுரையின் கீழே இருந்த எண்ணுக்கு என் மருமகள் போன் செய்தாள். எடுத்தது ஒரு கடை. இரண்டாயிரம் ரூபாய்க்குப் புரதப் பொடி டப்பா வந்து சேர்ந்தது; அதை விற்பவரே அந்த நிபுணர். 1918இல் குன்னூரில் தொடங்கி இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் உடம்பை வளர்க்கப் புரதப் பொடியைத் தவிர்க்கவே சொல்கிறது. அந்த வழிகாட்டி காசில்லாமல் கிடைக்கிறது. அதை எழுதியவர்களில் ஒருவரைப் பிடித்துப் பேச வைக்க ஏன் முடியவில்லை?

படித்தவர்களே விலை போன கதையும் உண்டு. 1967இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இதய நோய்க்குக் கொழுப்பின் மேல் பழியைத் தூக்கிப் போட்டு, சர்க்கரையை லேசாக விட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். அதற்குச் சர்க்கரைத் தொழிலின் சங்கம் பணம் கொடுத்திருந்தது என்பது 2016இல்தான் வெளியே வந்தது. அதை வெளியிட்ட மருத்துவ இதழ் 1984 முதல், எழுதுகிறவர் யாரிடம் பணம் வாங்கினார் என்று கேட்டே அச்சிடுகிறது. நம் பத்திரிகைகள் எப்போது கேட்கப்போகின்றன?

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 25ஐ எட்டியவர்களும் தாண்டியவர்களும், அதாவது எடை கூடியவர்கள், 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்வது. ‘நாக்கை அடக்கவில்லை’ என்று உங்கள் நிபுணர் ஒரே வரியில் இதை முடித்துவிட்டார். என் பாட்டி காலத்திலும் பணியாரம் இருந்தது, கல்யாணத்துக்கும் பிள்ளையார் நோன்புக்கும். இன்று ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு முப்பது டப்பா போகிறது. போட்டுக் கொடுப்பவளே நான்தான், மறைக்கவில்லை. இடையில் என்ன மாறியது என்று விளக்கத்தான் நிபுணர் தேவை. நாக்கைத் திட்ட எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது.

அதனால் நிபுணரின் பெயருக்குக் கீழே இரண்டு வரி போடுங்கள்: என்ன படித்தார், எதை விற்கிறார் அல்லது யாரிடம் சம்பளம் வாங்குகிறார். நாளை என்னையே பேட்டி எடுத்தாலும் ‘பணியாரம் விற்பவர்’ என்று மறக்காமல் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பலகாரம் செய்யும் ஒரு வாசகி,
கோட்டையூர்.