36-க்கு என்ன போடட்டும்?

பாப்பா,

வாக்குச்சீட்டு வந்துவிட்டது. எனக்கும் அப்பாவுக்கும் வந்தது, உனக்கும் வந்திருக்கிறது. உன்னுடைய கவரை நான் பிரிக்கவில்லை, டிவி பக்கத்தில் அப்படியே வைத்திருக்கிறேன். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

இந்த 2024 நவம்பர் தேர்தலில் கலிஃபோர்னியாவில் நாமே ஆமாம், இல்லை என்று வாக்குப் போட வேண்டிய சட்ட முன்மொழிவு மொத்தம் பத்து. மற்றதெல்லாம் புத்தகத்தைப் படித்து நானே பார்த்துக்கொள்வேன், 36-ஆம் முன்மொழிவில்தான் பேனா நிற்கிறது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, 'பிறகு பேசறேன்மா' என்று மெசேஜ் வருகிறது, அந்தப் பிறகு மட்டும் வருவதில்லை. வக்கீல் வேலை, அதிகம் என்று தெரியும். கோர்ட்டில் நிற்கும்போது போனை எடுக்க முடியாது என்றும் தெரியும். ராத்திரி பதினோரு மணிக்குமா கோர்ட் நடக்கிறது? சரி, விடு.

2012-லும் இதே 36 தானே. நீ காலேஜிலிருந்து வந்திருந்தாய், சாப்பாட்டு மேஜையில் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தாய். மூன்று கோல்ஃப் மட்டையைப் பேண்டுக்குள் செருகிக்கொண்டு நொண்டி நொண்டிக் கடையை விட்டு வெளியே வந்தவன் கதையைச் சொன்னாய். மட்டை ஒன்று 399 டாலர், அவனுக்கு 25 வருடத்திலிருந்து ஆயுள் வரை. இன்னொருவன் குழந்தைகள் பார்க்கும் வீடியோ கேசட்டுகளை இரண்டு கடையில் எடுத்திருக்கிறான், எல்லாம் சேர்த்து 150 டாலர் சொச்சம், அவனுக்கு 50 வருடத்திலிருந்து ஆயுள் வரை. 2003-ல் உச்ச நீதிமன்றமே இரண்டையும் ஐந்துக்கு நான்கு என்று சரி என்றுவிட்டது என்றாய். 'மூன்றாவது குற்றம் எதுவாக இருந்தாலும் ஆயுள் என்கிற மூன்றுமுறைச் சட்டத்தை மாற்றி, கடுமையானதாகவோ வன்முறையாகவோ இருந்தால்தான் என்று ஆக்கப் போகிறோம், ஆமாம் போடுங்கள்' என்றாய். போட்டோம். நூற்றுக்கு 69 பேர் போட்டார்கள். நீ ஏதோ நீயே ஜெயித்த மாதிரி குதித்தாய்.

இப்போது அதே எண்ணைப் போட்டுக்கொண்டு நேர்எதிரானது வந்து நிற்கிறது. ஏற்கெனவே இரண்டு முறை திருட்டில் தண்டனை வாங்கியவன் மறுபடி எடுத்தால், 950 டாலருக்குக் கீழே இருந்தாலும் ஃபெலனியாக, அதாவது பெரிய குற்றமாக, வழக்குப் போடலாம், மூன்று வருடம் வரை கொடுக்கலாம் என்கிறது. போதைப்பொருள் வைத்திருந்து திரும்பத் திரும்பப் பிடிபட்டால் சிகிச்சைக்குப் போ, முடித்தால் வழக்கு தள்ளுபடி, முடிக்காவிட்டால் சிறை என்கிறது. 2014-ல் 47-ஆம் முன்மொழிவு வந்து இறக்கிவைத்த தண்டனையை இது கொஞ்சம் தூக்கி வைக்கிறது, நான் புரிந்துகொண்டது அவ்வளவுதான். தப்பாக இருந்தால் சொல். சொல்வதற்காகவாவது போன் செய்.

அப்பா ஆமாம் என்று முடிவே செய்துவிட்டார். காரணம் உனக்குத் தெரியும், மாமா கடை. நான் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. பற்பசை வாங்கப் போனால் அது பிளாஸ்டிக் கதவுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டு நிற்கிறேன், ஒரு சின்னப் பையன் இடுப்பில் சாவிக்கொத்தோடு வருகிறான், எந்தச் சாவி என்று அவனுக்கே தெரியவில்லை, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான், பின்னால் ஷாம்புவுக்கு இன்னொரு அம்மா காத்திருக்கிறாள். எரிச்சல் வருகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்து சீட்டை எடுத்தால் ஆமாம் என்றுதான் கை போகும். அதனால் எடுக்காமல் வைத்திருக்கிறேன்.

நாம் இந்த ஊருக்கு வந்தது 1993. உனக்கு இரண்டு வயது. அந்த அக்டோபரில்தான் பெட்டலூமாவில் பாலி கிளாஸ் என்ற பன்னிரண்டு வயதுக் குழந்தையை அவள் படுக்கையறையிலிருந்தே தூக்கிக்கொண்டு போனார்கள். டிவியில் அந்தப் படம்தான், எந்நேரமும். நம் ஃப்ரெஸ்னோவிலேயே அதற்கு முந்தைய வருடம் கைப்பையைப் பிடுங்க வந்தவன் ஒரு பெண்ணைச் சுட்டுக் கொன்றிருந்தான். அவளுடைய அப்பா, கல்யாணப் படம் எடுக்கிறவர், அவர்தான் மூன்றுமுறைச் சட்டம் வேண்டும் என்று ஊர் ஊராகப் போனார். அந்தச் சட்டம் வாக்குக்கு வந்த 1994-ல் எனக்கு வாக்கு இருந்திருந்தால் யோசிக்காமல் ஆமாம் போட்டிருப்பேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நீ தொட்டிலில் படுத்திருக்கும்போது எது நியாயம் என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்க எந்த அம்மாவாலும் முடியாது.

கடைசியாகப் பேசினபோது நீ ஒன்று சொன்னாய், அது மனதை விட்டுப் போகவில்லை. 'அம்மா, பேசாம நான் 14-ஆம் நூற்றாண்டில் ஏதாவது பிரபு வீட்டுச் சமையல்காரியா பிறந்திருக்கலாம். காலையில எழுந்து அடுப்பை மூட்டி, சமைச்சுப் போட்டுட்டுப் படுத்துடலாம். யாரோட வாழ்க்கையும் என் கையில இருக்காது' என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, என்னதான் அந்த வாழ்க்கை என்று நூலகத்திலிருந்து புத்தகம் கொண்டுவந்து படித்தேன். முதல் விஷயம், உன்னை உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். பெரிய வீட்டுச் சமையலறை என்றால் மேலே இருப்பவரிலிருந்து பாத்திரம் தேய்க்கிறவன் வரை ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள்தான். தையவான் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், 1326 வாக்கில் சின்னப் பையனாக அரண்மனை அடுப்படியில் சேர்ந்தவர், கடைசியில் ராஜாவுக்கே தலைமைச் சமையல்காரர். அவர் கல்லறைக் கல்லில் போர்வீரன் உடையில் அவரைச் செதுக்கி, கேடயத்தில் மூன்று பானையும் போட்டிருக்கிறார்களாம். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. ஆனால் அவரைப் போல மேலே வந்தவர் எத்தனை பேர்? மற்றவர்கள் நெருப்பு முன்னால் நின்று இறைச்சிக் கம்பியைச் சுற்றிக்கொண்டே வயதாகிப் போனவர்கள். கொஞ்சம் பிந்திய காலத்தில், 1526-ல், இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியின் அரண்மனையில் எடுபிடிப் பையன்கள் அம்மணமாகவோ அழுக்குத் துணியோடோ திரியக் கூடாது என்று விதியே எழுதிவைத்தார்கள் என்றால் உள்ளே என்ன சூடு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள். தவக்காலம் வந்தால் பாலும் கிடையாது, முட்டையும் கிடையாது, வாதுமையை இடித்து இடித்துப் பால் எடுக்க வேண்டும். மிளகாய் இல்லை, தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, அதெல்லாம் இந்தக் கண்டத்திலிருந்து பிறகுதான் அங்கே போனது. மிளகாய் இல்லாமல் நீ ஒரு வாரம் தாங்க மாட்டாய்.

யாருடைய வாழ்க்கையும் கையில் இருக்காது என்றாயே, அதுதான் பெரிய தப்பு. அதே ஹென்றி காலத்தில் பிஷப் ஜான் ஃபிஷர் வீட்டுச் சமையலறையில் ரிச்சர்ட் ரூஸ் என்று ஒருவன். 1531-ல் ஒரு நாள் அங்கே காய்ச்சிய கஞ்சியைக் குடித்த வீட்டாள்கள் பலர் சுருண்டு விழுந்தார்கள். பிஷப் அன்று அதைத் தொடவே இல்லை. மிச்சம் வாசலில் பிச்சைக்கு வந்தவர்களுக்குப் போனது. இரண்டு பேர் செத்தார்கள், அதில் ஒருத்தி அந்த வாசலில் வாங்கிக் குடித்த ஏழை விதவை. விளையாட்டுக்கு ஒரு பொடியைப் போட்டேன் என்றானாம் ரூஸ். ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறி, விஷம் வைத்தால் ராஜதுரோகம், தண்டனை உயிரோடு கொதிநீரில் போடுவது என்று புதுச் சட்டம் கொண்டுவந்தார், அந்தச் சட்டத்திலேயே இவன் பெயரையும் எழுதி இவன் குற்றவாளி என்று முடித்துவிட்டார்கள். விசாரணை இல்லை. ஜூரி இல்லை. லண்டன் ஸ்மித்ஃபீல்டில் கூட்டத்தின் முன்னால் அப்படியே செய்தார்கள். சமைக்கிறவனைச் சமைத்தார்கள், பாப்பா. ஹென்றி செத்த பிறகு, 1547-ல்தான் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள்.

கோபத்தில் எழுதினதை எடுக்க அவர்களுக்குப் பதினாறு வருடம், 1994-லிருந்து 2012 வரை நமக்குப் பதினெட்டு. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் போட்டானோ போடவில்லையோ, அவனுக்காக எழுந்து நிற்க அந்த ஊரில் ஒருத்தரும் இல்லை என்பதுதான் ஓடிக்கொண்டே இருந்தது. நீ அந்த அடுப்படியில் போய் என்ன செய்யப் போகிறாய்? அந்தக் காலத்தில் இல்லாமல் போனதைத்தானே நீ இங்கே செய்துகொண்டிருக்கிறாய்.

உன் கோர்ட்டுக்கு நான் வந்திருந்தேனே, நினைவிருக்கிறதா, பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உன் பக்கத்தில் இருந்த பையனுக்குச் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. நீ பேசிக்கொண்டே, அவனைப் பார்க்காமலே, கையை நீட்டி அதைச் சரி செய்தாய். அவன் என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அப்பாவிடம் வந்து அந்தக் காலர் கதையைத்தான் சொன்னேன், அவர் அதை மாமாவிடமே போய்ப் பெருமையாகச் சொன்னார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகட்டும். ஆனால் அவ்வளவு தூரம் மற்றவர்களைக் கவனிக்கிற உனக்கு, உன்னைக் கவனிக்கத் தெரியவில்லை. சாப்பிடுகிறாயா? காலையில் காபி மட்டும் குடித்துவிட்டுப் போவது சாப்பாடு இல்லை.

6-ஆம் எண்ணையும் பார்த்திருப்பாய், சிறையில் கட்டாய வேலை கூடாது என்பது. அங்கேயும் சமைக்கிறவர்கள் கைதிகள்தான், மணிக்கு ஒரு டாலர்கூட இல்லை. அதற்கு நானும் அப்பாவும் ஆமாம் போட்டாயிற்று, சண்டையே வரவில்லை.

இப்போது உன் கவர். மார்ச் தேர்தலுக்கு உன் சீட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குத்தான் வந்தது, படம் எடுத்து அனுப்பியிருந்தாய், பச்சைச் சோபா மேல் வைத்து. இந்த முறை உன் பெயர் போட்டு நம் வீட்டு முகவரிக்கு வந்திருக்கிறது. கவுண்டிக்காரர்கள் தாங்களாக முகவரி மாற்றமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தம்பியும் ஏதோ சொல்ல ஆரம்பித்தான், நான்தான் அவளே சொல்லட்டும் என்று நிறுத்திவிட்டேன். இந்தக் கடிதத்தைக்கூட முதலில் தாளில்தான் எழுத உட்கார்ந்தேன். கவர் எடுத்துப் பெயர் எழுதினேன். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால்தான் இப்படி மெயிலில் வருகிறது.

நான் எதுவும் கேட்கவில்லை. அந்த வேலை எல்லாராலும் முடிகிற வேலை இல்லை என்று தெரியும். விட்டால் விட்டதுதான், அதற்காக யாரும் உன்னைக் கொதிக்கிற தண்ணீரில் போடப் போவதில்லை. தொடர்ந்து செய்தாலும் சரி. ஆனால் எதையும் சாப்பிடாமல் செய்யாதே, தூங்காமல் செய்யாதே. நூறு முறை சொல்லிவிட்டேன் என்பாய், இன்னும் சொல்வேன்.

நவம்பர் 5 செவ்வாய்க்கிழமை. அன்றைக்குள் தபால் முத்திரை விழுந்தால் போதும் என்றாலும் கடைசி நாள் வரை வைத்திருக்க வேண்டாம். உன் கவரில் நீதான் கையெழுத்துப் போட வேண்டும், நான் போட முடியாது, வக்கீலுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முந்தின சனிக்கிழமை வந்தால் மூன்றையும் சேர்த்துப் பெட்டியில் போட்டுவிடலாம். 36-ஐ அதுவரை காலியாகத்தான் வைத்திருப்பேன், அப்பாவிடமும் நீயே பேசிக்கொள், அவர் மறுபடி சண்டைக்குத் தயாராகத்தான் இருக்கிறார், அவருக்கும் வீட்டில் பேச ஆள் இல்லை. எந்த ரயில் என்று மட்டும் மெசேஜ் போடு, ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். எங்கே ஏறினாய் என்று கேட்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அம்மா