பந்தயக் குதிரையின் பூர்வீகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் வசந்த காலம் வந்தால் எல்லாப் பத்திரிகையும் நுவரெலியா குதிரைப் பந்தயத்தைப் பற்றி எழுதுகின்றன, ஆனால் படத்தில் தொப்பியும் கோப்பையும்தான் வரும், குதிரையின் பூர்வீகம் வராது. 1875இல் தொடங்கிய திடல் அது. அங்கே ஓடுகிற தரோபிரெட் இனத்தின் ஆண்வழியைத் தேடிப் போனால் மூன்றே குதிரைகளில் நிற்கும், அதில் ஒன்றான டார்லி அரேபியன் 1704இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. சரி, அரபுக் குதிரை நமக்குப் புதிதா என்ன? பாண்டியர் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன கதையை எங்கள் தோட்டத்துக் கோவிலிலேயே கேட்டிருக்கிறேன். இந்த முறை, விடியற்காலைக் குளிரில் குதிரையை நடத்திப் போகிற லாயத்து ஆட்களிடமும் பேசி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நானுஓயா