வாடகை வீட்டின் பழுது: முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டன் வாடகை வீடுகளின் ஈரக்கசிவையும் பூஞ்சணத்தையும் பற்றி உங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரை, குடியிருப்போர் படும் துன்பத்தை உள்ளபடி எடுத்துக் காட்டியிருந்தது. ஆனால் அந்தத் துன்பத்தை நீதிமன்றத்தில் நிறுவுவது எப்படி என்பதை அது தொடவில்லை. சட்ட ஆலோசனை நாடி வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்ப்பில் உதவி வருபவள் என்ற முறையில் அதைப் பற்றிச் சில எழுத விரும்புகிறேன்.

வருகிறவர்களிடம் படங்களுக்குக் குறைவில்லை. கறுத்த சுவர், ஊறிப்போன மெத்தை, ஒழுகும் கூரை எல்லாம் கைத்தொலைபேசியில் இருக்கும். பழுது இருப்பது உரிமையாளருக்கு எந்த நாளில் தெரியவந்தது என்பதற்குத்தான் பெரும்பாலும் ஒரு வரி எழுத்துக்கூட இருப்பதில்லை. 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வீட்டின் கட்டமைப்பையும் வெளிப்புறத்தையும், தண்ணீர், எரிவாயு, மின்சாரம், கழிப்பிடம், வெப்பமூட்டல் ஆகியவற்றுக்கான சாதனங்களையும் பழுதின்றி வைத்திருக்கும் கடமையை உரிமையாளர் மீது சுமத்துகிறது. எனினும் வீட்டுக்குள் ஏற்படும் பழுதைப் பொறுத்தவரை, அதை அவர் அறிந்து, திருத்துவதற்கு நியாயமான அவகாசமும் கடந்த பின்னரே அவர் கடமை தவறியவராகிறார். ஆகவே இழப்பீட்டுக் கணக்கு, அவர் அறிந்த அந்த ஒரு திகதியை வைத்தே போடப்படுகிறது.

நம்மவரிடையே இது ஏன் இவ்வளவு சிக்கலாகிறது என்றால், வீட்டுக்காரர் பெரும்பாலும் ஊரவர் அல்லது உறவினர். வாடகை காசாகக் கைமாறுகிறது, பற்றுச்சீட்டு கிடையாது. "அண்ணை, பாய்லர் வேலை செய்யேல்லை" என்று தொலைபேசியில் சொல்வதும், "பாக்கிறன் தங்கச்சி" என்ற பதிலுடன் ஒரு குளிர்காலம் கழிவதும் வழக்கமாகிவிட்டது. எழுதிக் கேட்டால் மனம் புண்படும் என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் குழந்தை இருமிக்கொண்டிருக்கும் வீட்டில் அதற்கு இடமில்லை. தொலைபேசியில் பேசிய அன்றே, "இன்று உங்களிடம் சொன்னபடி பின் அறைக் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, தயவுசெய்து திருத்தித் தாருங்கள்" என்று மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினால் போதும். தமிழில் எழுதினாலும் அது சான்றுதான், பின்னர் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். எழுத்து மூல உடன்படிக்கை இல்லை என்பதற்காகவும் அஞ்ச வேண்டாம். வாய்மொழி வாடகைக்கும் 11ஆம் பிரிவு பொருந்தும். வாடகையை வங்கி மூலம் செலுத்தத் தொடங்குவது நல்லது.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூஞ்சணத்தை மட்டும் நெருக்கமாக எடுத்தால் அது எந்த வீட்டுச் சுவர் என்றே தெரியாது; முழு அறையும் தெரிய ஒன்று, பழுதைக் கிட்டத்தில் காட்ட ஒன்று என எடுத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று மீண்டும் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது, எடுத்த திகதி முதலிய உள்விவரங்கள் நீங்கிவிடுவதால் மூலப் படத்தை அழிக்கக்கூடாது. சுவரைத் துடைப்பதற்கும் பழுதான பொருளை எறிவதற்கும் முன்னரே படமெடுத்துவிட வேண்டும். மின் ஹீட்டர் வாங்கிய பற்றுச்சீட்டு, மின் கட்டணப் பட்டியல், வீட்டின் ஈரநிலையைக் குறிப்பிடும் மருத்துவரின் பதிவு ஆகியவையும் உதவும்.

"நீங்கள் சமைக்கும் ஆவியும் உள்ளே உடுப்புக் காயப்போடுவதும்தான் காரணம்" என்ற பதிலே அதிகம் வருகிறது. வெறும் ஆவிநீர் படிவது, கட்டடத்துக்குச் சேதம் இல்லாதவரை, 'பழுது' ஆகாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது உண்மை. அதனாலேயே உதிரும் சாந்தையும் உக்கிய ஜன்னல் சட்டத்தையும் தனியாகப் படமெடுப்பது முக்கியம். அதோடு, வீடு மனிதர் வாழத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஈரத்தையும் கணக்கில் எடுக்கிறது. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இறந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக்கின் தந்தை 2017இலேயே பூஞ்சணத்தை முறையிட்டிருந்தார். அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறையைத்தான் வீட்டு நிறுவனம் குறை கூறியது. அக்குழந்தையின் பெயரால் அமைந்த விதிகள் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளுக்கு, அதாவது கவுன்சிலும் வீட்டுச் சங்கங்களும் வாடகைக்கு விடும் வீடுகளுக்கு, நடைமுறையில் உள்ளன: கடுமையான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் 10 வேலை நாள்களுக்குள் ஆராய வேண்டும், அவசர ஆபத்தை 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும். இந்தக் கெடுக்களும் உரிமையாளர் அறிந்ததிலிருந்தே ஓடுகின்றன.

கவுன்சில் அல்லது வீட்டுச் சங்கத்தின் வீட்டில் இருப்போருக்கு இன்னொரு வழியும் உண்டு. தம்மைப் பற்றிய பதிவுகளைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கேட்டால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் கட்டணமின்றித் தர வேண்டும்; தொலைபேசி முறைப்பாடுகளின் திகதிகள் பலவேளை அவர்களது பதிவிலேயே கிடைத்துவிடும். தனியார் வீட்டிலிருப்போர் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதார அதிகாரியை அழைத்துப் பரிசோதிக்கக் கேட்கலாம். வழக்குக்கு முந்திய கடிதத்துக்கு உரிமையாளர் 20 வேலை நாள்களுக்குள் பதில் தர வேண்டும். இதற்கிடையில் வாடகையை நிறுத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்; நிலுவையைக் காட்டியே வீட்டைத் திருப்பிக் கேட்க அது இடமளிக்கும். கதவைத் தட்டி "வழக்குப் போட்டுத் தருகிறோம்" என்பவர்களிடம், செலவு யார் தலையில் விழும் என்று கேட்காமல் கையெழுத்திடவும் கூடாது.

ஆசிரியர் அவர்களே, உரிமையாளருக்கு அனுப்பக்கூடிய முறைப்பாட்டுக் கடிதத்தின் மாதிரி ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு சரிபார்த்து, குளிர்காலம் தொடங்குமுன் உங்கள் பத்திரிகையில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வெட்டி எடுத்து, பெயரும் திகதியும் நிரப்பி அனுப்பக்கூடிய அளவில் அது இருந்தால் முதியவர்களுக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்