காறை எலும்பும் வாழைநாரும்

விடுதி
ஞாயிறு மதியம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. இன்று மெஸ்ஸில் கறிக்குழம்பு என்பதால் விடுதியே உண்டுவிட்டு உறங்குகிறது. நான் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு மறுபடி தறியில் வேலை கிடைத்தது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ஆடித்தபசுக்கு நான் ஊரில் இல்லாதது இதுதான் முதல் ஆண்டு. நீ அனுப்பிய கூட்டத்துப் படத்தில் என் அம்மாவின் பூக்கூடை ஓரத்தில் தெரிகிறது, கவனித்தாயா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. முதலாண்டு மருத்துவ மாணவர்களைச் சிறு சிறு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பேராசிரியரை வழிகாட்டியாகப் போட்டிருக்கிறார்கள். எங்கள் வழிகாட்டி, "கற்பதில் உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன, ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவாருங்கள்" என்றார். இப்போதைய மருத்துவப் பாடத்திட்டத்தில் இப்படி எழுதுவதும் ஒரு பகுதி. லாக் புக்கில் வைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். நானும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். பலம்: கடின உழைப்பு. பலவீனம்: எதையும் குறையில்லாமல் செய்ய நினைப்பது. இரண்டாவதை அறைத்தோழியிடம் கடன் வாங்கினேன். அவள் யாரிடம் வாங்கினாள் என்று கேட்கவில்லை. பேராசிரியர் படித்தார், இலேசாகச் சிரித்தார், கையெழுத்துப் போட்டார். அந்தச் சிரிப்பு நாலு நாளாக உறுத்துகிறது. பொய்யை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. உண்மையை உனக்குத் தமிழில் எழுதிவிடுகிறேன்.

என் பலம் எது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மனப்பாடம். உயிரியல் புத்தகத்தில் எந்தப் படம் எந்தப் பக்கத்தில், இடது பக்கமா வலது பக்கமா என்பதுவரை சொல்வேன். நீட் தேர்வுக்கும் அப்படித்தான் படித்தேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020இல் வராமல் போயிருந்தால் இந்நேரம் அம்மாவோடு பூக்கட்டிக்கொண்டிருப்பேன், அது வேறு கதை. ஆனால் இங்கே வந்தபோது, என் தலையில் இருக்கும் பெட்டகம் காப்பாற்றும் என்றுதான் நம்பி வந்தேன்.

அந்த நம்பிக்கை முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வின் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், உடைந்தது. உடற்கூறியல். நீண்ட மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, துணிமேல் எலும்புகள். பேராசிரியர் ஒன்றை எடுத்து, "இது என்ன?" என்றார். கிளாவிக்கிள், நம் காறை எலும்பு. எனக்கு உள்ளே ஒரே குதூகலம். நேற்றிரவு மூன்று முறை படித்த பாடம். ஆரம்பித்தேன்: நீள எலும்புகளில் கிடையாகப் படுத்திருப்பது இது ஒன்றுதான், கருவில் முதன்முதலில் எலும்பாக இறுகத் தொடங்குவதும் இதுதான், ஐந்தாம் ஆறாம் வாரத்திலேயே, விழுந்தால் பெரும்பாலும் முறிவது, உள்பக்க மூன்றில் இரண்டு பங்கும் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கும் சேரும் இடத்தில். மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "நல்லது, இதை உன் உடம்பில் வைத்துக் காட்டு" என்று எலும்பைக் கையில் கொடுத்தார்.

கையில் வாங்கினேன். நினைத்ததைவிட எடை குறைவு. தட்டையான முனை தோளைப் பார்க்க வேண்டும், தடித்த முனை நடுமார்பைப் பார்க்க வேண்டும், பள்ளம் ஓடும் பக்கம் கீழே இருக்க வேண்டும். இந்த மூன்று வரியும் அந்த நொடியிலும் என் வாய்க்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன், கடைசியில் பள்ளத்தை மேலே வைத்து, தட்டை முனையைத் தொண்டைக்குழியில் கொண்டுபோய் ஒட்டினேன். பக்கத்தில் நின்ற பையன் இருமுவதுபோல் சிரித்தான். பேராசிரியர் கோபப்படவில்லை. "வாய் ஒருத்தியுடையது, கை இன்னொருத்தியுடையதா அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு சாப்பிடப் போகவில்லை. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றேன். பள்ளியில் இந்த எலும்பின் பெயருக்கு ரகரமா றகரமா என்று எனக்கு எப்போதும் குழப்பம். அன்றுதான் உறைத்தது. பழைய படத்தில் ஆச்சி கழுத்தை ஒட்டிப் போட்டிருப்பாளே, அந்தக் காறை! அது கிடக்கும் இடத்தில் கிடப்பதால் காறை எலும்பு. தொண்டைக்குழியில் விரலை வைத்துத் தோள் வரைக்கும் தடவிப் பார்த்தேன். தோலுக்கு அடியிலேயே முழு நீளமும் தட்டுப்படுகிறது. முதலில் முன்பக்கமாகப் புடைத்து, பிறகு உள்வாங்கி, கடைசியில் தட்டையாகித் தோளில் போய் முடிகிறது. பதினெட்டு வருடமாக என்னோடு இருந்த எலும்பு. அதைப் பற்றி மூன்று பக்கம் மனப்பாடம் செய்தவள், ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

உயிர்வேதியியலிலும் இதே கதைதான். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சிவப்பணுவுக்குக் கிடையாது என்று எனக்குத் தெரியும். குளுக்கோஸை உடைக்கும் முதல் பத்துப் படிகள் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே நடக்கின்றன என்றும் தெரியும்; பத்தையும் கும்மிப் பாட்டு மெட்டில் பாடுவேன். "அப்படியானால் சிவப்பணு எதை வைத்துப் பிழைக்கிறது?" என்று கேட்டார்கள். விழித்தேன். அந்தப் பத்துப் படிகளை வைத்துத்தான்! இரண்டு சரக்கும் என் கடையில் இருந்தன, வெவ்வேறு அலமாரியில்.

மூன்றாமாண்டு அக்கா ஒருவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்களாம். ஒரு பத்தியைச் சிலர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நான் அந்த ஐந்து நிமிடக் கூட்டம். மஞ்சள் பேனாவால் கோடு போட்டு நாலாவது முறை படிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. பழகியதைத் தெரிந்தது என்று எண்ணிக்கொள்கிறேன். இப்போது ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய தினசரி நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில், புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்க்கிறேன். பாதித் தாள் வெறுமையாகவே இருக்கிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது, ஆனால் எது தெரியாது என்றாவது தெரிகிறது.

இதையெல்லாம் படித்து நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்கே தெரியாத ஒரு பலமும் இங்கே வெளியே வந்தது. உடலைக் கொடையாகக் கொடுத்தவர்முன் உறுதிமொழி எடுத்துவிட்டுத்தான் அறுக்கத் தொடங்குவோம். ஃபார்மலின் நெடியில் முதல் வாரம் கண்ணீர் நிற்கவில்லை. கையில் தோலை விலக்கினால் கொழுப்புக்குள் மயிரிழை மாதிரி தோல் நரம்புகள் ஓடும். அவற்றை அறுக்காமல் பிரித்துக் காட்ட வேண்டும். எங்கள் மேசையில் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுகிறவர்கள் எல்லாரும் அவசரப்பட்டு அறுத்துவிட்டார்கள். என் முறை வந்தபோது எனக்கு ஒரு சிரமமும் இல்லை. காய்ந்த வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, நகத்தால் கீறிக் கீறி இழையாக்குவோமே, அதேதான். இழுத்தால் அறுந்துவிடும். அதன் போக்கிலேயே விலக்கினால் தானாகப் பிரியும். உதவிப் பேராசிரியர் குனிந்து பார்த்துவிட்டு, "எங்கே பழகினாய்?" என்றார். "பூக்கட்டி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சங்கரன்கோவில் பூமார்க்கெட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் மணி அடித்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அன்று இன்னொன்றும் நடந்தது. அதற்கு நீதான் காரணம். அந்தக் கொழுப்புக்குள் நரம்பும், இரத்தம் ஓடும் சிரையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒன்பதாம் வகுப்பில் நீ எழுந்து, "கையில் நரம்பு புடைத்திருக்கிறது என்கிறோம், நரம்பில் ஊசி போடுகிறோம் என்கிறோம், நரம்புக்குள் எப்படி சார் மருந்து போகும்?" என்று கேட்டாய். வகுப்பு சிரித்தது. சார் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, நாம் பேச்சில் நரம்பு என்று சொல்வது பெரும்பாலும் சிரையைத்தான் என்று விளக்கினார். நான் உடனே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அந்தக் குறிப்புதான் நாலு வருடம் கழித்து மேசையில் எனக்குக் கைகொடுத்தது.

இதை யோசித்தபோதுதான் ஒரு கணக்குப் பிடிபட்டது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே பெஞ்சு. ஏழு வருடமும் கேள்வி கேட்டது நீ. வந்த பதிலை எழுதிவைத்து மதிப்பெண் வாங்கியது நான். உனக்கு வாயாடி என்று பெயர், எனக்குக் கெட்டிக்காரி என்று பெயர். இங்கே என் பக்கத்தில் நீ இல்லை. கேட்பவள் இல்லாததால் பதிலும் வருவதில்லை. வகுப்பில் புரிகிறதா என்று கேட்டால் முதல் ஆளாகத் தலையாட்டுகிறேன். ஆங்கிலம் வராததுதான் காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். தமிழில் பாடம் நடந்தபோதும் நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லையே!

நீ போன கடிதத்தில் நன்னூல் பொதுப்பாயிரத்திலிருந்து எழுதியிருந்தாய் அல்லவா, ஆசான் சொன்னதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கால் பங்குதான் தேறும், உடன் பயில்கிறவர்களோடு பழகினால் இன்னொரு கால், மற்றவருக்கு எடுத்துச் சொன்னால்தான் மீதி அரை என்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் போட்ட கணக்கை என் அறையிலேயே சோதித்துப் பார்த்துவிட்டேன். அறைத்தோழிக்குத் தோள்பட்டை நரம்புப் பின்னல் சுத்தமாகப் புரியவில்லை. தரையில் சாக்பீஸால் கோலம் போடுவதுபோல் வரைந்தேன்: ஐந்து வேர், அவை சேர்ந்து மூன்று தண்டு, ஒவ்வொரு தண்டும் இரண்டாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்து மூன்று வடம், கடைசியில் ஐந்து கிளை. சிக்குக்கோலம் போட்ட கைக்கு இது என்ன பெரிய வேலை? அவள் பார்த்துவிட்டு, "எதற்கு இவ்வளவு சிக்கல்? ஐந்து வேரும் நேராகவே கைக்குள் போயிருக்கலாமே" என்றாள். அச்சு அசல் உன் குரல்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் வகுப்பு முடியும்போது எழுந்துவிட்டேன். முழங்கால் நடுங்கியது நிஜம். பாதி ஆங்கிலம் பாதித் தமிழில் கேட்டேன். பேராசிரியர் பையை மேசையில் திரும்ப வைத்துவிட்டுப் பலகைக்குப் போனார். பின்னலாக இருப்பதால் ஒரு தசைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேர்களிலிருந்து இழைகள் வந்துசேர்கின்றன, அதனால் ஒரு வேர் மட்டும் அடிபட்டால் பெரும்பாலும் தசை அடியோடு செயலிழப்பதில்லை, பலவீனப்படும், அவ்வளவுதான் என்று வரைந்தே காட்டினார். வைவாவில் எலும்பு கொடுத்தவரும் இவர்தான். பெயரைக் கேட்டுக்கொண்டார். நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை.

சரி, உன் யாப்பிலக்கண வகுப்புக்கு வருகிறேன். தேமா, புளிமா எல்லாம் ஏன் மாமரமாகவே இருக்கிறது என்று நீ கேட்டு வகுப்பு சிரித்ததாக எழுதியிருந்தாய். நீ மாறவே இல்லை! ஆனால் வாய்பாடு நினைவில் நிற்கவில்லை என்று புலம்பாதே, அது என் இலாகா. நேருக்கு ஒரு தட்டு, நிரைக்கு இரண்டு தட்டு என்று தொடையில் தட்டிக்கொண்டே சொல். பெயரிலேயே விடை இருக்கிறது: தே-மா, நேர் நேர். புளி-மா, நிரை நேர். கரு-விளம், கூ-விளம் இரண்டையும் நீயே தட்டிப் பார். பத்து நாளில் வந்துவிடும். பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தோடு காறை எலும்பு முதல் விரல் நுனி வரை நான் வரைந்த படத்தை வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தால் உனக்கு என்னென்ன கேட்கத் தோன்றுகிறதோ, அசட்டுக் கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதி அனுப்பு. பத்துக் கேள்வியாவது வேண்டும்.

பொங்கலுக்கு வருகிறேன். எலும்புப் பெட்டியையும் கொண்டுவரலாம் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். ஆச்சி பக்கத்திலிருந்து போனைப் பிடுங்கி, செத்தவர் எலும்பு வாசற்படி தாண்டினால் தான் வீட்டைவிட்டு வெளியேறிவிடுவதாகச் சொல்லிவிட்டாள். அதனால் பெட்டியை உங்கள் வீட்டுத் தறிக்கூடத்தில் வைக்க இடம் இருக்குமா என்று அப்பாவிடம் கேட்டு எழுது. என்ன பெட்டி என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடாதே.

உன் பழைய பெஞ்சுக்காரி