மேட்டுக்கு எத்தனை நிமிடம்?

கண்ணு,

பாப்பா அந்த நீல நிறச் சுனாமி எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கிற போட்டோ வந்தது. அலை துரத்த ஒருவர் மேட்டில் ஏறி ஓடுகிற மாதிரி படம் போட்ட பலகை. பாப்பா சிரித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அமெரிக்காவில் ஆரெகன் மாநிலக் கரையில், சீசைடு ஊரில் வீடு எடுத்ததைக் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை அங்கே, அதனால் அங்கேதான் இருக்க வேண்டும். ஆனால் கடலுக்கு அடியில் நடப்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே ஹுவான் டி ஃபூகா என்கிற கடலடிப் பாறைத்தட்டு ஆண்டுக்கு 3, 4 சென்டிமீட்டர் அமெரிக்கக் கண்டத்துக்கு அடியில் நுழைகிறது. வழுக்கிக்கொண்டு போனால் கவலையில்லை. கரையோரம் இரண்டும் கவ்விக்கொண்டு நிற்கின்றன. சின்ன வயசில் நம் கிருஷ்ணகிரி குவாரியில் பார்த்திருப்பாய், வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு வைத்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவோம். கல் அசையாது. சுத்தியல் சத்தம் மட்டும் மாறும். அப்புறம் ஒரே அடியில் 20 அடி நீளத்துக்குப் பிளந்துவிடும். 35 வருஷம் கல்லோடு இருந்தவன் நான். அசையாத கல்லை நம்பவே மாட்டேன்.

அங்கே கடைசியாகப் பெரிதாகப் பிளந்தது 1700 ஜனவரி 26 ராத்திரி. நிலநடுக்க அளவு சுமார் 9. பூர்வகுடிகளின் கதைகளில் அந்த இரவு இருக்கிறது. தேதி கிடைத்ததோ ஜப்பானில்! நிலம் ஆடாமலே அலை வந்ததை அங்கே எழுதி வைத்திருந்தார்கள். வாஷிங்டன் கரையில் கோப்பாலிஸ் ஆற்றோரம் தரை தாழ்ந்து, உப்புத்தண்ணீர் ஏறி, நின்றபடியே செத்துப்போன சிடார் மரங்கள் இன்னும் நிற்கின்றன. வருஷத்துக்கு ஒன்றாக மரத்தில் வளரும் வளையங்களில், அவற்றின் வேரில் இருக்கும் கடைசி வளையம் 1699ஆம் வருஷத்தது. முடிந்தால் ஒரு நாள் போய்ப் பார்.

2004 சுனாமிக்கு அப்புறம் நாங்கள் அரிசியும் போர்வையும் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போனோமே, நீ அப்போது பள்ளிக்கூடம். சுமத்ராவில் நம் நேரப்படி காலை ஆறரைக்கு நிலம் ஆடியது, நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லை. முதல் அலை வடிந்ததும் சாமான் எடுக்க இறங்கிய மகனைப் பற்றி ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அடுத்த அலை அதைவிடப் பெரிது.

உனக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடையாது. அரை மணிக்குள், சில இடங்களில் 15 நிமிடத்திலேயே தண்ணீர் வந்துவிடும். அதனால் தரை நீண்ட நேரம் ஆடினால் அதுதான் எச்சரிக்கை. ஆடும்போது மேசைக்கு அடியில் தலையைக் காத்துக்கொள். நின்றதும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நட. சைரனுக்குக் காத்திருக்காதே, கார் எடுக்காதே. ஏறினால் பல மணி நேரம் இறங்காதே. கட்டிலடியில் மூவருக்கும் செருப்பு, டார்ச் இருக்கட்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

நெக்கானிகம் ஆற்றைத் தாண்டித்தான் மேடு என்று வரைபடத்தில் பார்த்தேன். நடுக்கத்தைத் தாங்கும்படி கட்டிய பாலம் எது என்று டவுன் ஆபீசில் கேட்டுக்கொள். இந்தச் சனிக்கிழமை பாப்பாவோடு அந்தப் பாலம் வழியாக மேடு வரை ஒருமுறை நடந்து பாரேன். ஞாயிற்றுக்கிழமை போனில் எத்தனை நிமிடம் ஆனது என்று சொல்.

அப்பா